முகம் மட்டும் பார்த்த வருடங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் எப்படி வாழ்கிறீர்கள், எங்கே போய் வருகிறீர்கள், உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். மேடையில் நிற்பவர் ஒருவர்தான். ஆனாலும் கதை இருவருடையது என்பதால் ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். எங்களில் ஒருவர் இங்கே படித்த வைத்தியர். மற்றவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். அதோ, பின்வரிசையில் இருக்கிறார். இந்தப் பாடசாலையின் படலைக்குள் அவரை விட்டது இன்றுதான் முதல் தடவை.

2011 இல் நாவிதன்வெளியிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனோம். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனது 11 வருடமாயிற்று. உம்மாவும் வாப்பாவும் கட்டித் தந்த சீதன வீடு, ராத்தாமாரின் வீடுகளுக்கு நடுவில் பூட்டிக் கிடந்தது. லெஸ்டரில் கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை. 1972 இல் உகண்டாவிலிருந்து விரட்டப்பட்ட குஜராத்தி மக்கள் பெருந்தொகையாக வந்து குடியேறிய நகரம் அது. வாழைக்காய், முருங்கைக்காய், கொச்சிக்காய் எல்லாம் கிடைத்தன. கிடைக்காதது வெயிலும் சொந்தக்காரரும்.

போய் மூன்றாம் வருடம் எங்களில் பொறியியலாளருக்கு இரத்தம் பார்த்தோம். மூன்று மாதச் சீனிச் சராசரி 6.2 வீதம். 6.5 வந்தால் நீரிழிவு என்று பெயர். ஆள் மெலிந்தவர், வயிறு மட்டும் சற்று முன்னால். தெற்காசியரான நமக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினாலே எச்சரிக்கை என்பது அவருக்குத் தெரியாது. வைத்தியருக்குத் தெரியும், ஆனால் சொந்த வீட்டில் நாடா பிடித்துப் பார்க்கவில்லை. அந்தப் பயத்தில்தான் நடக்கத் தொடங்கினோம். அங்கே சனிக்கிழமை காலைகளில் பூங்காக்களில் ‘பாக்ரன்’ என்று 5 கிலோமீற்றர் ஓட்டம் நடக்கும். 2004 இல் இலண்டன் பூங்கா ஒன்றில் 13 பேரோடு தொடங்கியது. காசு இல்லை, பரிசு இல்லை, நடப்பவரையும் யாரும் சிரிப்பதில்லை. எழுபது வயதுப் பாட்டிமார் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். ஒரு வருடத்தில் அவருடைய கணக்கு 5.7 க்கு இறங்கியது. எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

அந்தப் பெருமை எங்கே உடைந்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரோடு பேசுவோம். முதலில் ஸ்கைப், பிறகு வைபர், பிறகு வட்ஸ்அப். ராத்தாமார், சாச்சி, மச்சி என்று ஒவ்வொரு வீடாகப் போய், கடைசியில் மருதமுனையில் மாமி. எங்களில் ஒருவருக்கு மாமி, மற்றவருக்கு உம்மா. கைத்தறியில் சாரன் நெய்தவர். சீனி வருத்தம் வந்து 14 வருடம். கேட்டால் ‘கிளினிக் போறன், குளிசை போடுறன்’ என்பார். முகம் தெளிவாக இருக்கும். நாங்களும் திருப்தியோடு வைப்போம்.

ஒருநாள் பேச்சுவாக்கில், “மகன், மிதிகட்டை காலுக்கு விளங்குதில்ல, பஞ்சில மிதிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். “தறி பழசாப் போச்சு உம்மா, மாத்துவம்” என்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.

பஞ்சில் மிதிப்பது போல் இருக்கிறது என்பது, நீரிழிவால் கால் நரம்பு கெட்டுப்போவதை நோயாளிகள் சொல்லும் அச்சொட்டான வார்த்தை. வாரத்தில் ஐந்து நாள் லெஸ்டரில் யார் யாரோ உம்மாமார் சொல்ல அதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர் எங்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அது காதில் ஏறவில்லை.

2018 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தோம். மாமி பாயில் இருந்தபடியே எங்களைக் கட்டிப்பிடித்தார், எழும்பவில்லை. சாரித்தலைப்பு கால் வரைக்கும் இழுத்து மூடியிருந்தது. சாம்பிராணியையும் தாண்டி ஒரு மணம். அந்த மணத்தை வைத்தியத்தொழிலில் இருப்பவர் மறக்கமாட்டார். செருப்பு வார் உரசிய சின்னக் காயம் இரண்டு மாதமாக உள்ளுக்குள் ஓடியிருந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசித் துணியால் சுற்றி வைத்திருந்தார். நோவு இல்லை என்றார். நோவு இல்லாததுதானே வருத்தம். பெருநாள் முடிந்து நான்காம் நாள் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

“ஏன் உம்மா சொல்லல்ல?” என்று கேட்டதற்கு, “நீங்க தூரத்தில கிடந்து கவலப்படுவீங்க எண்டுதான்” என்றார்.

வீடியோவில் முகம் தெரியும். கால் தெரியாது. அத்தனை வருடமும் நாங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். திரும்பி வருவது என்ற முடிவு அந்த வைத்தியசாலை வாங்கில் இருந்தபோது எடுத்தது. கொவிட் குறுக்கே வந்ததால் நாள் தள்ளிப்போனது.

2022 ஜூனில் வந்து சேர்ந்தோம். நாட்டில் பாதிப் பேர் பாஸ்போர்ட் வரிசையில் நிற்க, நாங்கள் எதிர்ப்பக்கமாக வந்ததைப் பார்த்து விமான நிலையத்தில் பெட்டி தூக்கியவரே பரிதாபப்பட்டார். பெற்றோல் இல்லை. வாகனத்தைக் கொட்டிலில் விட்டுவிட்டு, சொந்தக்காரர் வீடுகளுக்கு நடந்தும் சைக்கிளிலும் போனோம். இன்றைக்கு எங்கள் பழக்கம் என்று ஆட்கள் புகழ்வது, உண்மையில் அந்த வருடப் பெற்றோல் தட்டுப்பாடு தந்த பழக்கம்.

ஆனால் முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் பிழையாகச் செய்தோம். மாமியின் கால் தந்த பயத்தில், போகும் வீடெல்லாம் குளுக்கோமீற்றரும் பிறசர் மெசினும் பையில் போயின. பாயில் இருந்ததும் விரலில் குத்துவோம். தொதலைத் தள்ளி வைப்போம். வட்டலப்பத்தைப் பார்த்து முகம் சுளிப்போம். பிளேன்டிக்குச் சீனி வேண்டாம் என்று சொன்னால் போதாதா, அதற்கொரு பிரசங்கமும் வைப்போம். ஒருநாள் சாச்சி விரலை இழுத்துக்கொண்டு கேட்டார்: “மகள், நீ என்னப் பார்க்க வந்தியா, என்ட சீனியப் பார்க்க வந்தியா?”

அதற்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. அடுத்த கிழமை பையை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனோம். சாச்சி தந்த தொதலில் ஒரு துண்டு சாப்பிட்டோம். பிறகு, “சாச்சி, சந்தி வரைக்கும் எங்களோட வாங்களன்” என்றோம். வந்தார். திரும்பும் வழியில் அவராகவே, ராவில் கால் எரிகிறது என்று சொன்னார். நாலு சுவருக்குள், மருமகள்மார் காது கேட்க, அதை அவர் சொல்லியிருக்கமாட்டார்.

சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், சாப்பாட்டின் பின் ஏறும் சீனி குறைகிறது. இது பலமுறை பரிசோதித்து நிறுவப்பட்ட விடயம். ஆகவே விருந்துக்குப் போனால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பது எங்கள் வழக்கமாயிற்று. விருந்தைக் குறை சொல்லவும் தேவையில்லை, உபதேசமும் தேவையில்லை.

இன்னொன்று கைவசம் இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் தொடுகைச் சோதனை. கருவி ஒன்றும் வேண்டாம். சீனி வருத்தக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு செக்கன் மெல்லத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது. தொடும்போது சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் கால் நரம்பு மங்குகிறது என்று எடுத்துக்கொண்டு கிளினிக்கில் காட்டுங்கள். வீட்டாரும் செய்யக்கூடிய சோதனை இது. எங்கள் ராத்தாவின் பேரப்பிள்ளைகள் இதை விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் ‘கண்ண மூடுங்க’ என்று காலைப் பிடிக்கிறார்கள். பெரியவர்கள் கூச்சத்தில் சிரித்தாலும் காலை நீட்டிவிடுகிறார்கள்.

எங்கே நடக்கிறீர்கள் என்று பலரும் கேட்கிறீர்கள். சுபஹு தொழுத பின் வாய்க்கால் கட்டில். கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் வயல் வட்டைகளுக்கு ஓடும் கட்டு அது. கூட நடப்பவர் மடை ஒவ்வொன்றிலும் நின்று 1949 இல் கல்லோயாச் சபை தொடங்கிய கதையைச் சொல்வார், ஆகவே நடை வேகம் வைத்திய ஆலோசனைக்குக் கீழேதான். கிழமைக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எழுதியவர்கள் நாவிதன்வெளியில் யானை இறங்குவதைக் கணக்கில் எடுக்கவில்லை. அறுவடைக் காலத்தில் நன்றாக விடிந்து, பால்காரர் போய் வந்து ‘ஒண்டும் இல்ல’ என்று சொன்ன பிறகுதான் நாங்கள் கட்டில் கால் வைப்போம். நாய்களுக்குத் தடி, யானைக்குத் தகவல்.

முதலில் அபாயாவும் சப்பாத்துமாக நடந்தபோது, “டொக்டர் எங்க ஓடுறா, ஆருக்கும் சீரியசா?” என்று வேலிக்கு வேலி கேட்டார்கள். கணவர் கூட வருவதால் ஒருவருக்குப் பாதை திறந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. தனியாக ஒரு பெண் நடந்தால் இன்றைக்கும் கண்கள் பின்னால் வரும். இப்போது ஐந்தாறு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். மகன்மாரை வெளிநாட்டுக்கு அனுப்பிய உம்மாமார்தான் அதிகம்.

இங்கே இருக்கும் எல்லோரிடமும் ஒன்று கேட்கலாமா? இல்ல விளையாட்டுப் போட்டியில் நாம் ஓடினோம். வலைப்பந்துக்கு வெயிலில் நின்றோம். உடற்கல்வி டீச்சரின் விசில் இன்னும் காதில் இருக்கிறது. ஓ.எல். எழுதிய பிறகு எத்தனை பேர் ஓடினோம்? பதினாறு வயதில் நின்ற கால், நாற்பதில் கிளினிக் வரிசையில்தான் மறுபடி நிற்கிறது. 35 வயதானவர்கள் சுவநாரி கிளினிக்குக்குப் போங்கள். 1996 இலிருந்து அரசாங்கம் இலவசமாக நடத்துகிறது. சீனி, பிறசரோடு மார்பும் கர்ப்பப்பைக் கழுத்தும் பார்ப்பார்கள். வருத்தம் இல்லாதபோது போகவேண்டிய இடம் அது. வருத்தம் வந்தால் போவதற்கு வேறு இடம் இருக்கிறது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிவப்பரிசிதான், ஆனால் சிவப்பு என்பதற்காகக் குவித்துப் போட்டால் அதுவும் சோறுதான். அரைக் கோப்பை வல்லாரையோ பொன்னாங்காணியோ முருங்கை இலையோ, ஆத்துமீன் கறி, பிறகு சோறு. இந்த ஒழுங்கு மாறாமல் பார்க்கிறோம்.

பிரயாணம் இப்போதும் உண்டு. வருடத்தில் ஒரு தடவை டோகாவில் இருக்கும் தம்பி வீடு, இடைக்கிடை யாழ்ப்பாணம், கண்டி. வெளிநாடுகளிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உம்மாவையோ மாமியையோ விமானத்தில் கூட்டிப்போனால் இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். கீழே போகும் பெட்டியில் உறைந்தால் அது பயன்படாது. வீட்டில் கரண்ட் போனால், நீர் புகாத பையில் கட்டி ஈரமான மண்சட்டிக்குள் வைக்கலாம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதபோது பல வீடுகளைக் காப்பாற்றியது அந்தச் சட்டிதான். இன்சுலின் போடுபவர்கள் நோன்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பே டொக்டரைக் காணுங்கள், தலைநோன்பன்று அல்ல.

மருதமுனைக்கு ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் போகிறோம். மாமி தறியில் இருப்பதில்லை. வாசலில் தறியைப் பார்த்தபடி நூல் சுற்றுகிறார். விரல் போன காலுக்கு ஏற்ற மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. இதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம் பிடித்தது.

போன மாரியில் மழை விடாமல் பெய்தது. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. ஆற்றுவாழை வந்து அடைத்து, கரை தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்களால் கல்முனைப் பக்கம் போக முடியவில்லை. அஸர் நேரம் தாண்டி வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. எடுத்தோம். திரையில் மாமியின் முகம் இல்லை. போனைக் கீழே பிடித்து, வலது கால், பிறகு இடது கால், பிறகு உள்ளங்கால்கள் இரண்டும் காட்டினார். “விரலிடுக்கையும் பாருங்க” என்று சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் பார்த்து முடித்து, ‘நல்லா இருக்கு’ என்று சொன்ன பிறகுதான் போனை மேலே தூக்கினார்.