மிஷன் வீதி சம்பா கோவில்

புதுச்சேரி என்றதும் கால்கள் தாமாகவே கடற்கரைக்குப் போய்விடும். இன்று மிஷன் வீதிக்குப் போவோம். ஆட்டோக்காரரிடம் "சம்பா கோவில்" என்று சொன்னால் போதும், அமலோற்பவ அன்னை பேராலயத்தின் வாசலில் இறக்கிவிடுவார்.

உள்ளே போகும் அவசரத்தில் முகப்பைத் தவறவிடாதீர்கள். கீழும் மேலுமாக இரண்டு அடுக்கிலும் ஜோடி ஜோடியாகத் தூண்கள். இருபுறமும் சதுரக் கோபுரங்கள். பாரீஸ் நகரத்து வால்-து-கிராஸ் ஆலயத்தின் சாயல் இதில் உண்டு.

1791-இல் அர்ச்சிக்கப்பட்ட இந்தக் கட்டடத்துக்கு முன்பே மூன்று கோவில்கள் எழும்பி அழிந்திருக்கின்றன. 1692-இல் இயேசு சபையினர் கட்டியதை மறு ஆண்டே டச்சுக்காரர்கள் இடித்தார்கள். அடுத்து அவசரமாக எழுப்பியது நிலைக்கவில்லை. 1728 முதல் 1736 வரை பார்த்துப் பார்த்துக் கட்டிய மூன்றாவது கோவிலைத்தான் நமக்கு நன்றாகத் தெரியும். காரணம், அந்தக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு.

அந்தக் கோவிலுக்குள் சேரிக் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. 1745-இல் அவர்கள் குருவிடமே போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிள்ளை இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கோவிலின் வரலாற்றில் அரசர்களும் ஆயர்களும் வருகிறார்கள். எனக்கு எல்லாரையும்விடப் பெரியவர்கள், துணிந்து போய்க் கேட்ட அந்த மக்கள்தான்.

மனத்தை வருத்தும் பக்கமும் உண்டு. கோவிலை அடுத்தே வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த வேளையில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில் அது தரைமட்டமாக்கப்பட்டது. பிள்ளை அவரிடமே துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர்; அதைத் தடுக்க முடியாமல் நொந்துபோய் எழுதியிருக்கிறார். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் நகரத்தையே இடித்தபோது சம்பா கோவிலும் தப்பவில்லை.

பிறகு மெல்ல மெல்ல எழும்பியதுதான் இன்று நாம் பார்ப்பது. 1886-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது. அதன் தலைமைக் கோவில் இதுவே.

டிசம்பர் 8-ஆம் தேதி அமலோற்பவ அன்னையின் பெருவிழா. அந்தச் சமயத்தில் போனால் கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்கலாம். அப்படியே ஈசுவரன் கோவில் வீதிக்கும் போய்வாருங்கள். வேதபுரீசுவரருக்கு மறுபடி எழுப்பிய ஆலயம் அங்கேதான் இருக்கிறது. நடந்தே போய்விடலாம்.