ஏரியை நம்பிய ஊர்



விடுமுறைக்கு ஊர் போகும் கரோல் பாக் தமிழர்களான நம்மில் பலர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கும் ஏறி இறங்கியிருப்போம். 1863-இல் உருவான கொடைக்கானல் ஏரியைச் சுற்றித்தான் ஊரின் அடுப்பு எரிகிறது. குதிரைக்காரர் அங்கே, படகுக்காரர் அங்கே, மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் அம்மா அங்கே. தண்ணீரும் காற்றும் சுத்தம் என்று வருகிறவர் நம்புவதுதான் இவர்கள் போட்ட முதல்.

அந்த மலைமேல் 1983-இல் ஒரு பாதரச வெப்பமானி ஆலை வந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிய இயந்திரங்களைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுவினார்கள். ஆலையை நடத்தியது முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர். செய்த வெப்பமானி கப்பலேறிப் போனது. சிந்திய பாதரசம் நம் மலையில் தங்கிவிட்டது.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில், ஒரு பழைய இரும்புக் கடையில் மக்கள் கண்டது என்ன? கிழிந்த சாக்குகள். அவற்றுக்குள் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள். அந்த ஒரு கடையில் மட்டும் 7.4 டன்! ஆலையைப் பூட்டினார்கள். பாதரசத்தைப் பூட்ட முடியுமா? ஆவியாகிக் காற்றில் ஏறும், மழையோடு இறங்கும், ஏரிச் சேற்றில் படியும், நுண்ணுயிரால் மீதைல் பாதரசமாகி மீனுக்குள் புகும். கொடைக்கானல் ஏரியின் மீனிலும் சேற்றிலும் பாதரசம் இருப்பதை நம் விஞ்ஞானிகளே 2006-இல் ஆய்விதழில் எழுதினார்கள். ஆலைக்குக் கீழே சரிவில் பாம்பார் சோலை. அங்கே ஓடும் பாம்பாறுதான் கும்பக்கரை அருவியாக விழுகிறது.

வேலை தந்தார்களே என்பார்கள். தந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள்தாம் உடம்பு கெட்டது என்று நீதிமன்றப் படி ஏறினார்கள். 2016-இல் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலையில் எத்தனை வேலை என்று கணக்குப் பார்த்தவர்கள், ஏரிக்கரையில் எத்தனை பிழைப்பு என்று எண்ணினார்களா?

நம் பக்கத்து மசூரி மலையைப் பாருங்கள். 1985-இல் உச்ச நீதிமன்றம் அங்கே சுண்ணாம்புக்கல் குவாரிகள் பலவற்றை மூடச் சொன்னது. வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னது.

கொடைக்கானல் ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது குறைய வேண்டும். ஏரி மீனையும் சேற்றையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில், படகுத்துறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கோரிக்கை மனு மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.