கணக்காயர் கூடும் இடம்



இலக்கியம் பற்றிப் பேசுக என்றுதான் என்னைப் பணித்தீர்கள். நானோ நாம் அமர்ந்திருக்கும் இக்கூடத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். இது ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தின் வட்டக் கிளைக்குரிய கூடம். வாடகை பெறாது, மாதம் ஒரு ஞாயிறு மாலையை நமக்கு அளித்து வருபவர்கள் அவர்கள்.

நக்கீரரை 'மதுரைக் கணக்காயனார் மகனார்' என்று ஏடுகள் குறிக்கின்றன. கணக்காயர் என்பார் எழுத்தறிவிக்கும் ஆசிரியர். மகனுடைய பெயர் நிலைத்தது. தந்தைக்குத் தொழிற்பெயரே எஞ்சியது. ஆசிரியரின் பெயர் மறைவது தமிழுக்குப் புதிதன்று. ஆனால், பதிவேட்டில் பெயர் பிழைத்தால் ஓய்வூதியம் வாராது. இக்கிளை தோன்றிய காரணம் அதுவே.

கருவூல வாயிலில்தான் இது தோன்றிற்று. உயிரோடிருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் நேர்காணலுக்கு வந்த முதியவர்கள் வரிசையில் நின்றபடியே ஒருவரையொருவர் அறிந்தனர். ஊரார்க்கெல்லாம் மனு எழுதித் தந்த தலைமையாசிரியர் தமக்கென ஒரு மனு எழுதக் கூசினார். மேசைக்கு அப்பால் இருந்தவர் அவரிடம் படித்தவர் என்பது கூச்சத்தை மிகுவித்தது. "உமக்கு நான் எழுதுகிறேன், எனக்கு நீர் எழுதும்" என்று இருவர் செய்துகொண்ட உடன்பாடே கிளையின் முதல் விதி எனலாம். முதல் நடவடிக்கைக் குறிப்பேட்டை நான் பார்த்திருக்கின்றேன். கோரிக்கை ஏதும் அதன் முதற்பக்கத்தில் இல்லை. ஒரு விசுப்பலகையும் கார்பன் தாளும் வாங்கிய செலவே உள்ளது.

அக்கூச்சத்திற்கு வரலாறு உண்டு. அரசுசாராப் பள்ளி ஆசிரியர்களுக்கெனச் சேமநல நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் சென்னை மாநிலத்தில் காமராசர் ஆட்சியில், 1955இல்தான் வந்தது. அதற்கு முன் முதுமையில் மகன் கையை எதிர்பார்த்தவர்களே மிகுதி. எனவே, வந்ததை அருட்கொடையாகவே பலர் எண்ணினர். ஓய்வூதியம் அரசின் விருப்பத்தால் ஈயப்படும் கொடையன்று, உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 1971இல் உரைத்தது. அவ்வழக்கைத் தொடுத்த தேவகிநந்தன் பிரசாத் பீகார் கல்விப்பணியைச் சேர்ந்தவர் என்பதை நம் ஆசிரியர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கின்றேன். பின்னர் 1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கின் தீர்ப்பு வந்தது. குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன் ஓய்வுபெற்றவர், பின் ஓய்வுபெற்றவர் எனப் பிரித்து உயர்வை மறுத்தல் தகாது என்றது அத்தீர்ப்பு. ஓய்வூதியர் நாளாக டிசம்பர் 17 கொண்டாடப்படுவது இதனால்தான்.

என் தந்தையார் தமிழாசிரியர். அவர் மறைந்தபின் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் ஓர் அலுவலகத்திலிருந்து மும்முறை திரும்பியது. வீட்டில் வழங்கிய பெயர் ஒன்று. பணிப்பதிவேட்டில் எழுதிய பெயர் மற்றொன்று. முனைவர் பட்டம் பெற்ற மகளாகிய எனக்கும் அம்முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை. கிளைச் செயலாளர் அம்மாவுடன் நான்காம் முறை சென்றார். படியேறுமுன், "அம்மா, நீங்கள் கை நீட்டப் போகவில்லை, ஐயா உழைத்த கூலியின் மிச்சத்தைக் கேட்கப் போகிறீர்கள்" என்றாராம். ஓய்வூதியம் பிறகு வந்தது. அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது அந்தச் சொல்லைத்தான்.

பின்னைய வளர்ச்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கூரை ஓடாயிற்று, ஓடு தளமாயிற்று. ஆசிரியைகள் தொடக்கப் பட்டியலில் அரியர். இன்று பொருளாளரே ஒரு பெண்மணி. ஒரு குறிப்பேட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாக முன்பெற்றவர்க்கு 15 ஆண்டுகள் கழித்து அப்பகுதி எந்த மாதம் மீளும், எவர்க்கு எப்போது 80 அகவை நிறைந்து கூடுதல் ஓய்வூதியம் தொடங்கும் என்று ஆள்தோறும் எழுதிய குறிப்பேடு அது. உரியவர் மறந்தாலும் அது மறவாது. நம் தொகைநூல்களைத் தொகுத்தவர்கள் இத்துணைக் கருத்தோடு இருந்திருப்பின் பெயரறியாப் புலவர் பலர் பெயர் பெற்றிருப்பர்!

இனி, நான் பேச வந்த பொருள். கிளையின் விதிப்படி ஓய்வூதியம் பெறுபவரே உறுப்பினராகலாம். 2003 ஏப்ரல் முதல் நாளிலும் அதன்பின்னும் தமிழ்நாட்டரசுப் பணியேற்ற ஆசிரியர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டோம். ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்துப் பிடித்தம் செய்யப்பட்டது. பழைய ஓய்வூதியம் எமக்கில்லை என்பதே அதன் பொருள். காலம் கடந்து பணியேற்றவர்கள் சிலர் அத்திட்டத்தின்கீழ் ஏற்கெனவே ஓய்வும் பெற்றுவிட்டனர். நம் வட்டத்திற்குத் தவறாது வரும் ஆசிரியை ஒருவர் அவர்களுள் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை இக்கூடத்தில் கவிதை படிக்க அவருக்கு இடமுண்டு. திங்கட்கிழமை இங்கு வந்து தம் தாளைக் காட்டி வழி கேட்க விதி இடந்தரவில்லை. கேட்டபோது செயலாளர் விளக்காமல் விட்டதில்லை. ஆயினும் விளக்கம் வேறு, உறுப்புரிமை வேறு.

'ஓய்வூதியம் பெறுபவர்' என்ற தொடரை 'ஓய்வுபெற்றவர்' என்று திருத்தக் கோரும் மனுவை நான் எழுதிக் கொணர்ந்துள்ளேன். கிளை உறுப்பினர் பலர் இவ்வவையில் இருக்கின்றீர்கள். கையொப்பத்திற்காக அது வாயிலருகே அந்தப் பழைய விசுப்பலகைமேல் இருக்கிறது.