கிடைக்கும் ஓர் ஏலம்

தென் ஜெர்மனியின் வுர்ட்டெம்பெர்க் பிரதேசத்திலே, 19-ஆம் நூற்றாண்டில், ஊருக்குப் பொதுவான குளிர்கால மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு விடுமுன், எத்தனை ஆடுகள் மேயலாம், ஏலம் என்றைக்கு, எந்த இடத்தில் என்பதையெல்லாம் பத்திரிகையில் பகிரங்கமாக அறிவிப்பது வழக்கம். வெளியூர் இடையரும் ஏலம் கேட்கலாம். ஆனால் தம் நன்னடத்தைக்கும் சொத்து நிலைக்கும் அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவர வேண்டும். பணம் மட்டும் போதாது, பத்திரமும் வேண்டும். நியாயமான நிபந்தனைதான்! இன்னொரு விசேஷம்: பகலெல்லாம் மேய்ந்த மந்தையை இரவில் யார் வயலில் அடைப்பது என்பதற்கும் தனியே ஏலம் உண்டு. நம் தஞ்சைப் பக்கத்துக் குடியானவர், மந்தைத் தலைவரான கீதாரியிடம் பேசித் தம் வயலில் கிடை போடச் சொல்வதில்லையா? அங்கே அந்தப் பேரம், பெரும்பாலும், இடையனோடு அன்று, ஊரோடு. ஏலம் எடுத்தவர் வயலுக்கு எரு. அவர் கொடுத்த பணம் ஊர்ப் பொக்கிஷத்துக்கு.