கை சுத்தமா என்று கேளுங்கள்



செவிலியர் தினத்துக்குப் பேசக் கூப்பிட்டவர்கள் நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு ஒரு காரியம் பேச இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. மணிக்கட்டின் உள்பக்கம், இறந்துபோன அம்மாவின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறாள். தீப்பெட்டி அகலம்கூட வராது. அட்மிஷன் அன்றைக்குச் சான்றிதழ் வாங்கினார்கள், ஃபீஸ் வாங்கினார்கள், அந்தக் கையாலேயே கையெழுத்தும் வாங்கினார்கள். அப்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கிய வாரத்தில்தான், "இது நர்ஸ் கையா? பிளாஸ்டர் போட்டு மறை" என்று உத்தரவு வந்தது. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இது ஒரு கல்லூரியோடு முடிகிற விஷயமும் இல்லை.

அந்தப் பிளாஸ்டர் படும் பாட்டைக் கேளுங்கள். காலை டியூட்டிக்குப் புதிதாக ஒட்டிக்கொண்டு போவாள். நோயாளியைத் தொடுமுன் கை கழுவ வேண்டும், தொட்ட பிறகும் கழுவ வேண்டும். நாலைந்து முறை கழுவியதும் பிளாஸ்டரின் ஓரம் கிளம்பிவிடும். உள்ளே இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். பசை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு அழுக்குக் கோடு விழும். பத்து மணிக்கு அந்தக் கையோடுதான் அடுத்த கட்டிலில் ஆபரேஷன் புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்யப் போகிறாள். இப்போது சொல்லுங்கள் தாய்மார்களே, படுத்திருப்பது உங்கள் பிள்ளை என்றால், அம்மா பெயர் எழுதிய கழுவிய கை வேண்டுமா, ஈரப் பிளாஸ்டர் ஒட்டிய கை வேண்டுமா?

சில இடங்களில் பிளாஸ்டருக்குப் பதில் ஃபுல் ஸ்லீவ் போடச் சொல்கிறார்கள். அது இன்னும் மோசம். கட்டிலுக்குக் கட்டில் குனியும்போது அந்தக் கைமுனை ஒவ்வொரு விரிப்பையும் தொட்டுக்கொண்டே போகும். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 2007-லேயே முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாட்ச் கூடாது, வளையல் கூடாது, நீளக் கையும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டுதலும் மோதிரம், ஒட்டு நகம் போன்றவற்றைத்தான் கழற்றச் சொல்கிறது. மோதிரத்துக்கு அடியில் அழுக்கு தங்கும். பச்சையின் மை அப்படியில்லை. அது மேல்தோலுக்கும் கீழே, உள்தோலில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆறிப்போன பச்சையின் மேல் இருக்கும் தோல், பக்கத்துத் தோலைப்போலவே சோப்புக்குச் சுத்தமாகும்.

"சுத்தம் இருக்கட்டும் சார், பார்க்கிற நோயாளி என்ன நினைப்பான்?" என்கிறார்கள். எந்த நோயாளி? மதுரைப் பெரியாஸ்பத்திரியில் முதியோர் படுத்திருக்கும் வார்டுக்குள் போய்ப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அப்பத்தா, திருமங்கலத்து அம்மாச்சி. ஐ.வி. போட நரம்பு தேடி முன்கையைத் திருப்பினால் அங்கே கோலம் இருக்கும், தேள் இருக்கும், புருஷன் பெயரின் முதல் எழுத்து இருக்கும். செத்தால் கூட வருவது இந்தப் பச்சை ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லிக் குத்திக்கொண்ட தலைமுறை அது.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற பெருநூலில் குறவர் பெண்கள் பச்சை மை செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உள்புறம் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை தயார். மூன்று நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். கூடை முடைந்து, குறி சொல்லி, ஊர் ஊராக நடந்து போன அந்தப் பெண்களின் கைவேலை நம் பாட்டிமார் உடம்பில் எழுபது எண்பது வருஷம் அழியாமல் இருந்தது. அந்தப் பாட்டிகள் ஒரு சின்னப் பெண்ணின் கையில் அம்மா பெயரைப் பார்த்துப் பயந்துபோவார்களா? "யாரு பேருத்தா இது?" என்று கேட்பார்கள். அதிலேயே பாதி வலி மறந்துபோகும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே டாக்டர்கள் சில நாள் டாட்டூ தெரியும்படியும் சில நாள் தெரியாமலும் டியூட்டி பார்த்தார்கள். 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் டாக்டரின் திறமை எப்படி, அக்கறை எப்படி என்று கேட்டார்கள். மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. 2018-இல் அந்த ஆய்வு வெளியானது. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளி என்ன நினைப்பான் என்று இங்கே தீர்ப்புச் சொல்கிறவர்கள், நோயாளியிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்களா?

மாணவர் பக்கம் மட்டும் பேசிவிட்டுப் போக நான் வரவில்லை. ஒரு பச்சையை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன், சாதிப் பச்சையை. நம் மதுரைப் பக்கம் பையன்கள் கையில் சாதிப் பெயரும் சாதித் தலைவர் முகமும் ஏறுவது உங்களுக்குத் தெரியும். நாங்குநேரியில் 2023-இல் சாதியின் பேரால் ஒரு மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கூடத்தில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பள்ளிக்கூடத்தில் ஆகாத கயிறு ஆஸ்பத்திரிக்கு ஆகுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு, ஊர்த்தகராறில் வெட்டுப்பட்டு வந்தவனுக்கு ரத்தம் ஏற்ற வருகிற கையில் எதிர்த்தரப்புச் சாதியின் பெயர் இருந்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? பிடுங்கிக்கொண்டு ஓடத்தானே பார்ப்பான்? செவிலியர் கை எல்லோருக்கும் சொந்தமான கை. ஏற்கெனவே குத்திவிட்ட தம்பி இங்கே இருந்தால், அதன் மேலேயே ஒரு பூவையோ பறவையையோ போட்டு மூடிவிடுங்கள். கடைக்காரர்களுக்கு அது தெரிந்த வேலைதான்.

இனிமேல் குத்தப்போகிறவர்களுக்கும் ஒன்று. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், பேட்டரி மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கையை நீட்டிவிடாதீர்கள். ஒரே ஊசியில் எத்தனை பேரோ! ஹெபடைட்டிஸ் பி எப்படிப் பரவுகிறது என்று தேர்வில் எழுதுகிற நர்சிங் பிள்ளைகள் நீங்கள். ஊசி உங்கள் கண்முன் பாக்கெட்டிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பச்சைப்புண் ஆறும்வரை வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அது உங்களுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. குத்திய நாளிலிருந்து 12 மாதம் ரத்த தானமும் செய்ய முடியாது. முகாமில் டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள்.

கடைசியாகக் கல்லூரி நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஒழுக்கத்துக்குப் பெயர்போன நம் ராணுவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையின் உள்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும், புறங்கையிலும் நிரந்தரப் பச்சை இருக்கலாம், பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி சலுகை உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சேர விரும்புகிறவன் படித்துவிட்டு வருகிறான். நம் கல்லூரிகளில் பல இடங்களில் விதி இன்சார்ஜ் மேடத்தின் முகத்தில்தான் இருக்கிறது. அவர் மாறினால் விதியும் மாறுகிறது. சொல்லாத விதிக்காகப் பத்தொன்பது வயதுப் பெண்ணை வார்டு நடுவில் தலைகுனிய வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷ அட்மிஷன் புத்தகம் இன்னும் அச்சுக்குப் போயிருக்காது. ஆறிய பச்சை தடையில்லை, சாதி, கட்சி, ஆபாசம் கூடாது, ஆறாத புண்ணோடு போஸ்டிங் இல்லை என்று அதில் சேருங்கள். பிளாஸ்டர் ஒட்டச் சொல்லும் உத்தரவை நாளைக் காலை டியூட்டிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் இரண்டு கல்லூரி முதல்வர்கள் இருக்கிறார்கள் என்று அமைப்பாளர் சொன்னார். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் காத்திருப்பேன். பேசிவிட்டுப் போவோம்.