நம்ம மலைக்கு ஏற்ற சைக்கிள் எது?

(சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்ட வாசிகசாலையில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம். "ஐயா வழக்கமா போசாக்கு, சேமிப்பு, மலசலகூடம்னுதானே பேசுவாரு, இது என்ன புதுசா?" என்று சிலர் நினைக்கலாம். 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு லயத்துக்குள் வந்த சைக்கிள் ஆசை இன்னும் போகவில்லை. டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கும், வெளியே வேலைக்குப் போகிற இளைஞருக்கும் சைக்கிள் நல்ல உதவிதான். ஆனால் தீபாவளி முற்பணத்தில் வாங்கிய சைக்கிள் மூன்று மாதத்தில் லயத்துக் கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடப்பதையும் பார்க்கிறோம்.

முதலில் ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சில வருசத்துக்கு முன்பு ஒரு தகப்பன் நம்மிடம் வந்தார். "ஐயா, பெரியவனுக்கு ஒரு சைக்கிள் பாத்திருக்கேன். பழசுதான், ஆனா நல்ல கனமான இரும்பு. வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். நாமும் போய்ப் பார்த்தோம். பிரட்டுக்களத்தில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்தோம். நின்றது. "உறுதியான சாமான், தாராளமா வாங்குங்கண்ணே" என்று சொன்னோம்.

நாம் அதைச் சாய்வில் ஓட்டிப் பார்க்கவில்லை. மழையில் பார்க்கவில்லை. ஆடி மாத மழையில் ஸ்டோர் வளைவில் இறங்கி வந்த பையன் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் வண்டி நிற்காமல், கானைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தான். வலக்கை முறிந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, மாவுக்கட்டோடு பேனா பிடிக்க முடியாமல் இருந்தான். அந்தத் தகப்பன் நம்மை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் நமக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

அந்தச் சைக்கிள் கெட்ட சைக்கிள் இல்லை. இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், இரும்பு ரிம், கம்பியால் இழுக்கிற பிரேக். யாழ்ப்பாணத்திலும் அநுராதபுரப் பக்கமும் அதில் மூட்டை ஏற்றிக்கொண்டு காலம் முழுதும் ஓடலாம். அங்கே நிலம் சமம். நம்ம ஊர் அப்படியா? அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிற தார் ரோட்டில் ஏறிப் பாருங்கள். ஏறக்குறைய அறுநூறு மீட்டர் உயரம் ஏறுகிறது. அதில் ஏறுகிறவன் இறங்கவும் வேணும். ஆகையால் நம்ம மலையில் சைக்கிளை இறங்குவதற்குப் பார்த்து வாங்க வேணும். ஏறுவது பிறகு. ஏற முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். இறங்கும்போது நிற்காவிட்டால் என்ன செய்ய முடியும்?

ஆகவே முதலாவது பிரேக். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் ரப்பர் வழுக்கும். அலுமினிய ரிம்மில் மழையிலும் ரப்பர் அதைவிட நன்றாகப் பிடிக்கும். கடையில் இரண்டும் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கும். அதனால் கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றியது போதும். ரிம்மில் வைத்தால் ஒட்டிக்கொண்டால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். கேபிளால் இழுத்து இரண்டு பக்கமும் நீளக் கைகளால் அழுத்துகிற வி பிரேக் நமக்குப் போதும். ரப்பர் தேய்ந்தால் குறைந்த செலவில் நாமே மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக் சேற்றில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆளும் உதிரிப் பாகமும் டவுனில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது கியர். அந்தப் பழைய மாதிரி வண்டியில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் போகும். ஏற்றத்தில் அவ்வளவு தூரத்தை ஒரே மிதியில் தள்ள நெஞ்சு வலிக்கும். முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்று போட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான் நகரும். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஏறிவிடும். "இருபத்தியொரு கியர்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். முன்பக்கத்தின் மிகச் சின்னப் பல்சக்கரமும் பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது டயர். இதற்கு முன் உங்கள் பாதையை எண்ணிப் பாருங்கள். லயத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும் கல் ரோட்டு எத்தனை கட்டை, அதற்கு அப்புறம் தார் ரோட்டு எத்தனை கட்டை? மெல்லிய டயர் கல்லில் அடிபட்டு ரிம்மை நெளிக்கும். ட்ராக்டர் மாதிரி முள்ளு முள்ளான டயர் தாரில் இழுக்கும், சீக்கிரம் தேயும். இரண்டுக்கும் நடுவில், நடுப்பகுதி ஓரளவு தட்டையாகவும் ஓரங்களில் மட்டும் முள்ளாகவும் உள்ள 26 × 1.75 அல்லது 26 × 1.95 டயர் நமக்குச் சரி.

டயர் மாற்றும்போது ஒன்றை அவதானிக்க வேணும். 26 என்று எழுதியதெல்லாம் ஒரே அளவு இல்லை. 26 × 1.95 என்று புள்ளி வைத்து எழுதிய டயர், 26 × 1 3/8 என்று பின்னமாக எழுதிய டயரின் ரிம்முக்குப் பொருந்தாது. டயரின் பக்கத்தில் 50-559 அல்லது 37-590 என்று சின்ன எழுத்தில் இருக்கும். கடைசியில் உள்ள மூன்று இலக்கம்தான் ரிம்முக்குரிய அளவு. அதை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது உயரம். "வளர்ற புள்ளதானே, பெருசா வாங்கிடுவோம்" என்று சட்டை வாங்குவது போல் சைக்கிள் வாங்காதீர்கள். பிள்ளை நடுக்கம்பிக்கு மேலாக இரண்டு பாதமும் தரையில் படும்படி நிற்க வேணும். கம்பிக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேணும். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையோடு ஏற, நடுக்கம்பி தாழ்ந்த வண்டி நல்லது.

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த விலை குறைந்த வண்டியைக் கண்டு மயங்க வேண்டாம். கனம் கூடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதியை ஸ்பிரிங் தின்றுவிடும், தளர்ந்தால் ரிப்பேர் செய்வதும் கஷ்டம். சாதாரண இரும்பு போர்க், மட்கார்ட், கேரியர், பெல், முன்னால் லைட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இவ்வளவும் இருந்தால் போதும். பனிமூட்டத்தில் பஸ்காரர் கண்ணுக்கு நாம் தெரிய வேணும். லுமாலா என்றாலும் ஹீரோ என்றாலும் பெயரைப் பார்க்க முன் இதையெல்லாம் பாருங்கள்.

பழைய வண்டி என்றால், ஹேண்டிலுக்குக் கீழே ஒட்டு வைத்த இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். செயினில் அடிமட்டத்தை வைத்து, ஒரு ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி உள்ள ஆணி வரை அளவுங்கள். சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேணும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் முடிந்துவிட்டது, பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பெடலுக்குக் கீழே பொதுவாக வண்டி இலக்கம் அடித்திருக்கும். அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இனி இறங்குகிற முறை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய் இறுக்க வேண்டாம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். சரளைக் கல்லில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் முன்சக்கரம் சறுக்கி விழுத்தும். மழையில் முன்கூட்டியே இலேசாகப் பிடித்து ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிடித்தபடியே வந்தால் ரிம் சுடும், இடையில் நின்று ஆறவிடுங்கள். குறுக்குப் பாதையில் படி வந்தாலும், கேரியரில் விறகோ அரிசி மூட்டையோ இருந்தாலும் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கை முறிந்த அந்தப் பையன் அடுத்த தடவை பரீட்சை எழுதினான். இப்போது டவுனில் வேலை செய்கிறான். போன வருசம் தன் சொந்தக் காசில் சைக்கிள் வாங்கப் போகும்போது, "ஐயா, நீங்களும் வாங்க" என்று நம்மையே கூப்பிட்டான். வெட்கத்தோடுதான் போனோம். கடையில் காந்தத்தை எடுத்து ரிம்மில் வைத்துக் காட்டியவன் அவன்தான். இன்றைக்குச் சொன்னதில் பாதி அவனிடம் கற்றுக்கொண்டது.

அடுத்த ஞாயிறு காலையில் உங்கள் சைக்கிள்களை இங்கே கொண்டுவாருங்கள். பிரேக்கை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். இந்தத் தடவை பிரட்டுக்களத்தில் பார்க்க மாட்டோம். ஸ்டோர் வளைவு இறக்கத்தில், மெதுவாக, ரிம்மில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம்.