மலிவு என்பது எது?

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் மோட்டார் சைக்கிள் பிரேக் பேட் வாங்குவது பற்றி ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வீட்டுரிமையையும் பற்றிப் பேசும் இம்மேடையில் இன்று பிரேக் பேட் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் எண்ணக்கூடும். கேட்டு முடித்த பின் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

நம் பாட்டன்மார் காண்டாவைத் தோளில் சுமந்து நிரைக்கு நடந்து போனார்கள். இன்று பால்மரம் வெட்டப் போகிறவரும், ஆபீசுக்குப் போகும் கிராணியும், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் தாயும் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கிறோம். விடியாத இருட்டு, இரவு மழையில் ஊறிய செம்மண் சடக்கு, திரும்பி வரும்போது இரு பக்கமும் பால் வாளி. 20 லிட்டர் வாளி இரண்டு என்றால் ஏறக்குறைய 40 கிலோ பாரம். இத்தனையையும் இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது எது? முன் சக்கரத்து டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் இரண்டு சிறு துண்டுகள். வண்டியின் வேகம் இரு மடங்கானால் அத்துண்டுகள் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகும் என்பதை மறந்துவிடலாகாது.

நமக்கு நன்கு தெரிந்த தோழர் ஒருவர், இருப்பதிலேயே விலை குறைந்த பேட்டைச் சந்தையில் வாங்கி மாட்டினார். பெட்டியில் பெயரில்லை, ரசீதும் இல்லை. மூன்றாவது வாரம், தோட்டத்துச் சடக்கு பெரிய சாலையைத் தொடும் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார், வண்டி நிற்கவில்லை. இரும்புத் தகட்டில் ஒட்டியிருந்த லைனிங் பெயர்ந்து போயிருந்தது. லாரி வரவில்லை, கால்வாயில் விழுந்தார், முழங்கால் முறிந்தது. பேட் வாங்கியதில் அவர் மிச்சப்படுத்தியது எட்டு வெள்ளி!

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவதில் சங்கம் துணை நிற்கும். ஆனால் சொக்சோ பணம் கொடுக்கும். பழைய முழங்காலைக் கொடுக்காது.

ஆகையால் விலையுயர்ந்ததையே வாங்குங்கள் என்று சொல்ல வந்தோமா? இல்லை. நம் சம்பளம் நமக்குத் தெரியும். மலிவு எது என்று சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 10 வெள்ளிப் பேட் நான்கு மாதத்தில் தேய்கிறது. 24 வெள்ளிப் பேட் ஓராண்டு வருகிறது. ஆண்டுக்கு முன்னதன் செலவு 30 வெள்ளி. பின்னதன் செலவு 24 வெள்ளி. மூன்று முறை மாட்டும் கூலி வேறு. மட்டமான பேட் டிஸ்க்கையும் அரித்துவிட்டால், அந்த டிஸ்க்கின் விலையில் பல சோடி பேட் வாங்கலாம். இப்போது எது மலிவு?

கடையில் பொதுவாக மூன்று தரம் இருக்கும். வண்டிக் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வருவது ஒன்று. பெயர் பெற்ற பிரேக் தொழிற்சாலையின் பெட்டியில் வருவது இரண்டு. ஊரும் பேரும் இல்லாதது மூன்று. வண்டிக் கம்பெனிகளுக்கே பிரேக் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் சில, தம் சொந்தப் பெயரிலும் பேட் விற்கின்றன. விலை குறைவாக இருக்கும், நம்பி வாங்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது இந்த இரண்டாவது தரமே. மூன்றாவதை இனாமாகக் கொடுத்தாலும் தொடவேண்டாம்.

அடுத்து, லைனிங் எதனால் ஆனது என்று கேளுங்கள். நாரையும் பிசினையும் கலந்து செய்தது மென்மையானது, விலை குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. ஆனால் சேற்றிலும் மழையிலும் விரைவில் கரையும். உலோகப் பொடியைச் சூட்டில் இறுக்கிச் செய்தது ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். விலை அதிகம், டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கும். இரண்டுக்கும் நடுவே உலோகத் தூள் கலந்த வகையும் உண்டு. கிராணி வீட்டிலிருந்து ஆபீசுக்குத் தார்ச் சாலையில் போகிறவராயின் மென்மையான வகை போதும். பாரத்தோடு செம்மண்ணில் ஓடுகிறவர், வண்டியின் கைப்புத்தகம் தடுக்காதவரையில், நடு வகையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

பல பேட்டுகளின் முதுகுத் தகட்டில் ஆங்கில எழுத்து இரண்டு சேர்ந்தாற்போல் இருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் எவ்வளவு பிடிக்கும் என்பதையும், இரண்டாவது சூடேறிய பின் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் காட்டும். 'ஈ'யை விட 'எஃப்', 'எஃப்'பை விட 'ஜி', 'ஜி'யை விட 'எச்' அதிகம் பிடிக்கும். இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழ்ப்பட்டதாயின், அந்தப் பேட் சூட்டில் தளரும் என்று பொருள். அதற்காக எல்லோரும் 'எச்' வாங்க ஓடவேண்டாம். சிறிய வண்டியில், வழுக்கும் மண்ணில், வெடுக்கென்று கவ்வும் பேட் சக்கரத்தைப் பூட்டி ஆளைக் கவிழ்த்துவிடும். பழைய பேட்டில் இருந்த எழுத்தை ஒட்டியே வாங்குங்கள். எழுத்து உழைப்புக் காலத்தைக் காட்டாது. போலிக்காரனும் எழுத்தைப் பொறிப்பான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போலியைக் கண்டுகொள்ள, அச்சு மங்கியிருக்கிறதா, தகட்டின் விளிம்பு பிசிறாக இருக்கிறதா, லைனிங்கில் வெடிப்போ விளிம்பில் இடைவெளியோ தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரசீது கொடுக்கும் கடையில் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழைய பேட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு பிரேக் மாறுவதுண்டு. இரு சக்கரத்திலும் டிரம் உள்ள வண்டிக்கு வேண்டியது பேட் அன்று, பிரேக் ஷூ.

எப்போது மாற்றுவது? மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். லைனிங்கில் வெட்டியிருக்கும் தேய்மானக் கோடு மறையும் தறுவாயில் மாற்றிவிடுங்கள். இரும்பும் இரும்பும் உரசும் ஓசை கேட்கும்வரை காத்திருந்தால் டிஸ்க் போய்விடும். இரண்டு பேட்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய பேட்டைத் துடைத்துப் போடுவது வீண், அதை எறிந்துவிடுங்கள். மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துமுன், பிரேக் கைப்பிடி இறுகும்வரை பலமுறை அழுத்துங்கள். இதை மறந்தால் முதல் பிடியிலேயே பிரேக் இராது. முதல் 200, 300 கிலோமீட்டர் வரை புதுப் பேட் டிஸ்க்கோடு படிய அவகாசம் கொடுத்து நிதானமாக ஓட்டுங்கள்.

இறுதியாக ஒரு யோசனை. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்நாளில், நம் மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கினார்கள். பேட் வாங்க நம்மால் ஒன்று சேர முடியாதா? இந்தக் கிளையில் ஒரே வகை வண்டி வைத்திருப்போர் பெயர் கொடுங்கள். பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து நல்ல தரத்தை மொத்தமாகக் கேட்டால் கடைக்காரர் விலை குறைப்பார், ரசீதும் கொடுப்பார். தனியாளாகப் பேரம் பேசி மட்டத்தை வாங்குவதை விட, சேர்ந்து பேரம் பேசி நல்லதை வாங்குவதே நமக்குப் பழகிய வழி. சம்பளத்தில் நாம் செய்வதும் அதுதானே?

இது சங்கத்தின் வேலையா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறுங்கள். செயலாளரிடம் தாள் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். போகும்போது உங்கள் முன் சக்கரத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.